ஒப்புரவு

தவக்காலம் வந்தால் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக் கத்தோலிக்கர் பலர் பரங்கிமலை ஏறுவார்கள். அந்நாட்களின் ஆலய அறிவிப்புகளில், பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கை ‘ஒப்புறவு அருட்சாதனம்’ என்று வல்லின றகரம் போட்டு எழுதுவதை அவ்வப்போது பார்க்கிறேன். ஒப்பு, உறவு என்று பிரித்துக்கொள்வதால் நேரும் பிழை இது. இடையின ரகரமே சரி. சொல் மிகப் பழையது. திருக்குறளின் 22ஆம் அதிகாரமே ஒப்புரவறிதல்தான். அங்கே மன்னிப்புப் பேச்சே இல்லை. உலகநடை அறிந்து, ஊருக்குப் பயன்படக் கொடுத்து வாழ்வதே பொருள். சமன், முறைமை, இணக்கம் என்ற பொருள்களும் உண்டு. ‘ஒப்புக்கொள்’ என்பதும் இதன் உறவுச்சொல்தான். செய்ததை ஒப்புக்கொள்ளாமல் ஒப்புரவு ஏது? கிறித்தவர் வழக்கில் அது, கடவுளோடும் மனிதரோடும் முறிந்த இணக்கத்தை மீட்பதாயிற்று. முன்பு இந்த அருட்சாதனத்துக்குப் பாவசங்கீர்த்தனம் என்று பெயர். முதியவர்கள் இன்றும் அப்படிச் சொல்லக் கேட்கலாம். அந்த வடசொல்லில் குற்றத்தை எடுத்துரைப்பது மட்டுமே தெரிகிறது. பாவமன்னிப்பு என்றாலோ கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். ஒப்புரவில் மூன்றாமவரும் இருக்கிறார்: நாம் காயப்படுத்திய மனிதர். வேலைக்காரரின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டே ஒருவர் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். அதை ஒப்புரவு என்று சொல்ல என் நாக்கு எழாது. அதனால்தான் மூன்றில் இந்தச் சொல்லையே நான் விரும்புகிறேன். மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தின் முன்பு வைத்துவிட்டு, மனத்தாங்கலுள்ள சகோதரனிடம் முதலில் போய் இணக்கமாகிவரச் சொல்கிறார் இயேசு. சீர்திருத்தச் சபையார் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்திலும் அந்த இடத்தில் நிற்பது இதே சொல்தான்.