தேயிலைச் செடியே பத்திரம்

மற்ற ஊர்களில் அபராத ரசீதை ஒளித்து வைப்பார்கள். நீலகிரியில் எங்கள் கூடலூரில் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்துவார்கள். ‘பி மெமோ’ என்று அதற்குப் பெயர். அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறாய், தண்டம் கட்டு என்று வருவாய்த் துறை கொடுக்கும் தாள். கட்டியவருக்கோ அது, அந்த வருஷம் அந்த இடத்தில் நான்தான் இருந்தேன் என்பதற்கு அரசே கொடுத்த சாட்சி. எத்தனை மெமோ சேர்ந்திருக்கிறதோ அத்தனை கெட்டி.

தாலுகா ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதிப் பிழைப்பவன் நான். மெமோவுக்கு அடுத்தபடியாக என்னிடம் வருகிறவர்கள் சொல்வது தேயிலையைப் பற்றி. “அண்ணா, செடிக்கு முப்பது வயசாச்சு, அடித்தண்டைப் பார்த்தாலே தெரியும், அதை மறக்காம எழுதுங்க” என்பார்கள். நிலத்தில் நிற்கிற மரத்தைப் பற்றி எழுதச் சொன்னவர் அபூர்வம். மரம் நின்றால் அது பாடுபட்ட நிலம் ஆகாது. இந்தச் சரிவில் காடு எப்படிக் கரைந்தது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை இந்தத் தாள்கள்தாம். இது யாருடைய நிலம் என்ற கேள்விக்குப் பதில் வராத ஒவ்வொரு வருஷமும் இங்கே மரம் சாய்ந்திருக்கிறது.

கூடலூரும் பந்தலூரும் முன்பு நீலகிரி மாவட்டமே அல்ல. தென்கிழக்கு வயநாடு என்று மலபாரோடு இருந்தவை; 1877இல்தான் நீலகிரியோடு சேர்ந்தன. நில உரிமையும் மலபார் வழிப்படி ஜன்மம், அதாவது பரம்பரை உடைமை; உடைமைக்காரர் ஜன்மி. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துத் திருமுல்பாடுகள் இங்கே பெரிய ஜன்மி. ஆனால் ஜன்மி மலையடிவாரத்தில். மலையில் வாழ்ந்தவர்கள் வேறு. பள்ளத்துச் சதுப்பு வயல்களில் வயநாடன் செட்டிகளும் மவுண்டாடன் செட்டிகளும் நெல் விளைத்தார்கள். அந்த வயல்களில் பணியர்கள் அடிமைப்பட்டு உழைத்தார்கள். குறும்பர்கள் மேட்டில் புனம் வெட்டி ராகி விதைத்து, மண் களைத்ததும் இடம் மாறினார்கள். காட்டுநாயக்கர்கள் தேனெடுத்தார்கள். ஒரே குன்றில் பலருக்கும் பலவிதப் பாத்தியதை இருந்தது; எதுவும் தாளில் ஏறவில்லை. அந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன், பணியர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் வயல் வயலாகவும் சோலை சோலையாகவும் இருந்தன.

பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் ஜன்மியை முழு உடைமைக்காரராக ஏற்றுக்கொண்டன. அதனால் துரைமாருக்கு வேலை சுலபமாயிற்று. மலையில் வாழ்ந்த யாரையும் கேட்க வேண்டாம். ஜன்மியின் ஒரு கையெழுத்து போதும். இன்று ஓவேலி என்று நாம் சொல்லும் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கில் 1840களிலேயே காபி வந்துவிட்டது. காடு ஆயிரக்கணக்கான ஏக்கராக நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. 1880ஐ ஒட்டித் தங்க வெறி. தேவாலாவிலும் பந்தலூரிலும் பாறைக்குள் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் படுத்தது; சுரங்கக் குழிகள் மிஞ்சின. காபியை இலைத்துரு நோய் தின்றது. அதன்பின் தேயிலை வந்து இன்றுவரை இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன்கள் போயின, ஜன்மம் மட்டும் நின்றது. 1969இல் சட்டமன்றம் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. சுமார் 80,000 ஏக்கர் இதற்குள் வந்தது. சட்டத்தின் ஒரு நிபந்தனையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஜன்மிக்குப் பட்டா வேண்டுமென்றால், 1969 ஜூன் 1க்கு முந்தைய மூன்று விவசாய ஆண்டுகள் தொடர்ந்து தானோ தன் ஆட்களோ பயிர் செய்ததாக நிரூபிக்க வேண்டும். உழுகிறவனுக்கு நிலம் என்ற நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். தஞ்சாவூர் வயலுக்கு அது பொருந்தும். மழைக்காட்டில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. பயிர் இருந்தால் உரிமை, காடு இருந்தால் உரிமை இல்லை.

எஸ்டேட்டுகள் வழக்குக்குப் போயின. ஜன்ம எஸ்டேட்டுகளிலுள்ள காடுகளை அரசு எடுப்பது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் பால்மாடீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. 1974இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுபடி வழக்கு. அது ஒன்பது நீதிபதிகள் வரை போய், 2007 ஜனவரியில் ஐ.ஆர். கோயலோ தீர்ப்பாக வந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்புக்காக அதைப் படிக்கிறார்கள். எங்களுக்கு அது ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள நிலத்தின் வழக்கு.

இந்த இழுபறிக் காலத்தில் தரையில் நடந்ததுதான் முக்கியம். குத்தகை நிலங்கள், அவற்றைப் பற்றிய சட்டப் பிரிவின் எண்ணாலேயே, ‘செக்‌ஷன் 17’ என்ற பெயரில் தொங்கின. எஸ்டேட்டின் விளிம்பில் ஆள் வைக்காத காடு. ஜன்மியின் கையைவிட்டுப் போய்விட்டது, அரசுக்கு இன்னும் முழுதாக வரவில்லை. கேரளத்திலிருந்தும் சமவெளியிலிருந்தும் குடும்பங்கள் ஏறி வந்தன. மாசி பங்குனியில் உண்ணிப் புதரை வெட்டிக் கொளுத்துவார்கள். பெரிய மரத்துக்கு அடியில் வளையமாகப் பட்டை உரித்துவிட்டால் அது நின்றபடியே காயும். மழை இறங்கியதும் தேயிலை நாற்று. இஞ்சியோ மரவள்ளியோ போடலாமே என்றால், அது ஒரு வருஷப் பயிர், பிடுங்கினால் தடயம் இல்லை. தேயிலை நாலு தலைமுறைக்கு நிற்கும். யானை தின்னாது. கொழுந்து விலை விழுந்தாலும், நிலத்தில் ஆள் இருந்ததற்கு அது சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கும்.

என் அப்பா வந்தது வேறு வழி. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், ஐந்தேகால் லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அவர்களில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பதிந்து, மலைக்கு வந்தார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதுதான் பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம். சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் பக்கமெல்லாம் வனத்துறைக் காட்டையே வெட்டித் தோட்டமாக்கினார்கள். விடியற்காலைப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, கொந்தரப்புக்கு (ஒப்பந்தக் கூலிக்கு) மரம் தள்ளுதல், குழி வெட்டுதல், நாற்று, கவ்வாத்து. இலங்கையில் பாட்டன் செய்த வேலையையே அப்பா இங்கே மறுபடி முதலிலிருந்து செய்தார். “நமக்கு நாடு கொடுக்க, காடு கொடுத்துச்சு” என்பார். நாங்கள் வளர்ந்த லய வீடும் அரசுடையது, நட்ட தேயிலையும் அரசுடையது. ஓய்வு பெற்றபின் லயத்தை விட்டுப் போக வேண்டுமே என்று எங்கள் ஆட்கள் பலர் ஒரு துண்டு நிலம் தேடிப் போனது செக்‌ஷன் 17க்குள்தான்.

ஆதிவாசிகளுக்கும் வேறு வழி வைக்கவில்லை. 1988 டிசம்பரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் கூடலூரில் ஊர்வலம் போனார்கள், இழந்த நிலத்தைக் கேட்டு. பிறகு கிராமம் கிராமமாக நிலத்தை மீட்டார்கள். மீட்டதும் அதில் என்ன நட்டார்கள்? தேயிலையும் காபியும். தங்களுக்கென்று நிலையான பயிர் இல்லாமல் காலங்காலமாக வாழ்ந்தவர்கள்கூட, அதிகாரி வந்து பார்க்கும்போது கண்ணில் படுகிற மாதிரி ஒரு பயிர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1995இல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூரில் மரம் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றம் போனார். பழைய ஜன்மி குடும்பத்துக்காரர் காட்டுக்காக வாதாடினார். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு இந்தியா முழுவதையும் கட்டியது: யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான், மத்திய அரசின் அனுமதியில்லாமல் அதை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. நின்ற மரங்கள் பல பிழைத்தது அந்த உத்தரவால். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் என் மேஜைக்கு வருகிற பேச்சு வேறு மாதிரி மாறியது. பட்டா இல்லாததால் கரன்ட் கிடைப்பது கஷ்டம், வீட்டுக்குக் கூரை மாற்றப் பயம். தேயிலைக்கு நடுவே பலா முளைத்தால் பிடுங்கிவிடுகிறார்கள். “மரம் பெருசானா காடுன்னு எழுதிடுவாங்க அண்ணா” என்கிறார்கள். முன்பு உரிமைக்காக வெட்டினார்கள். இப்போது உரிமைக்காக முளைக்க விடுவதில்லை. பள்ளத்து வயல்களோ வாழைக்கும் தேயிலைக்கும் மாறின. சதுப்பு வடிந்த இடத்தில் கோடையில் ஊற்று சுருங்குகிறது. முதுமலையிலிருந்து வயநாட்டுக்கும் நிலம்பூருக்கும் போகிற யானைக்குச் சதுப்பும் மூங்கிலும் இருந்த தடத்தில் இன்று வாசலும் வேலியும். ஆள் சாகிறார், யானையும் சாகிறது.

நட்டத்தில் ஓடிய டேன்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடமே திருப்பிக் கொடுப்பதென்று 2022இல் அரசு முடிவெடுத்தது. அப்பா வெட்டிய காடு தாளில் மறுபடி காடு. அங்கே உயிர் கொடுத்த தொழிலாளிக்கு இன்னும் வீட்டுமனை மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சட்டம் படித்தவனல்ல. ஆயினும் இத்தனை மனுக்கள் எழுதியவனாக ஒன்று கேட்பேன். வீடும் சின்ன நிலமுமாக இருப்பவர்களுக்கு எல்லை போட்டுக் கொடுத்து விடுங்கள். கொடுக்கும் பட்டாவில் ஓடையோரம் விடவும், ஏக்கருக்கு இத்தனை நாட்டுமரம் நிற்கவும் நிபந்தனை எழுதுங்கள். பயிர் பார்க்க வருகிற அதிகாரி மரத்தையும் எண்ணி அதை மனுதாரரின் பக்கம் எழுதட்டும். அப்புறம் பாருங்கள், பலாக்கன்றைப் பிடுங்குகிறவரே அதற்கு வேலி கட்டுவார்.