உயர்மலைக் குடில்களில் இரவுத் தங்கல்: அறிய வேண்டியவை

தண்டலம், ஒரகடம் போன்ற சமவெளிப் பகுதிகளிலிருந்து இமயமலைக்கு நடைப்பயணம் செல்வோர், இரவில் மலையேறுவோருக்கான குடில்களில் தங்குகின்றனர். மேற்கு வங்கத்தின் சந்தக்பூவில் உள்ள அத்தகைய குடில்கள் சுமார் 3,636 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன. இது தொட்டபெட்டாவைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் அதிகம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் குறைவு.

உயர்மலை நோய் என்றால் என்ன?
2,500 மீட்டருக்கு மேல் விரைவாக ஏறித் தங்குவோருக்கு, பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்திற்குள் தலைவலி, குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவை தோன்றலாம். இளமையும் உடல் வலிமையும் இதனைத் தடுப்பதில்லை.

தடுப்பது எப்படி?
• பகலில் ஏறும் உயரத்தைவிட இரவில் உறங்கும் உயரமே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும்.
• சந்தக்பூவுக்கு வாகனத்தில் ஒரே நாளில் சென்றுவிட இயலும். எனினும் டும்லிங், காளிபொக்ரி ஆகிய இடங்களில் ஒவ்வோர் இரவு தங்கிச் செல்வதே பாதுகாப்பானது.
• மது, தூக்க மாத்திரை ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டி உறங்கக் கூடாது. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு வாயு உயிரைப் பறிக்கும்.
• அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரின் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது.

யார் முன்கூட்டியே மருத்துவரை அணுக வேண்டும்?
இதய நோய், நுரையீரல் நோய், இரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முன்பு உயர்மலை நோய்க்கு ஆளானவர்கள்.

அபாய அறிகுறிகள்
ஓய்விலும் மூச்சுத்திணறல், விடாத இருமல், நுரையுடன் கூடிய சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோத்ததைக் குறிக்கும். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, மிகுந்த உறக்கநிலை ஆகியவை மூளை வீக்கத்தைக் குறிக்கும். ஐயமிருப்பின் நேர்க்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்கச் செய்து பார்க்கவும்.

என்ன செய்ய வேண்டும்?
தலைவலி தோன்றினால் மேலும் ஏறாமல் அங்கேயே ஓய்வெடுக்கவும். அபாய அறிகுறி தென்பட்டால் விடியும்வரை காத்திராமல், ஆக்சிஜன் இருப்பின் அளித்தவாறே உடனடியாகக் கீழே இறக்கவும். பாதிக்கப்பட்டவரைத் தனியே விடக் கூடாது.

குழுவின் பயணம் தடைப்படுமே என்று எண்ணி அறிகுறிகளை மறைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே உடல்நலக் குறைவை உடனே தெரிவிப்பது என்று புறப்படும் முன்பே அனைவரும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.