ஓநாய்க்கு எதற்கு முட்டை?

சோவியத் ஒன்றியத்தில் எண்பதுகளில் பள்ளிக்குப் போனவர்களிடம் ‘நூ, பகதி!’ என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். 1000 புள்ளி எடுத்துவிட்டால் அந்தச் சின்னத் திரையில் கார்ட்டூன் படமே ஓடுமாம். சொல்பவர் பார்த்திருக்க மாட்டார். அடுத்த வகுப்பில் படித்த யாரோ பார்த்ததாகக் கேள்விப்பட்டிருப்பார். நான் இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடத் தொடங்கியது அந்தக் கதையால் அல்ல, அதற்கு முன்பே உறுத்திய இன்னொரு கேள்வியால்: அதில் வரும் ஓநாய் ஏன் முட்டை பிடிக்கிறது?

அதே பெயரிலான கார்ட்டூன் தொடரை அறிந்தவர்களுக்கு இந்த உறுத்தல் புரியும். சோயுஸ்முல்த்ஃபில்ம் நிறுவனத்துக்காக வியாசெஸ்லாவ் கொத்யோனச்கின் இயக்கிய அத்தொடர் 1969இல் தொடங்கியது. அனதோலி பபானவின் கரகரத்த குரலில் ஓநாய் பேசும். முயலைத் துரத்தும், ஒவ்வொரு முறையும் தோற்கும், “இரு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று கறுவும். தொடரின் உயிரே அந்தத் துரத்தல்தான். 1984இல் வந்த ‘எலெக்ட்ரோனிகா ஐஎம்-02’ கையடக்கக் கருவியிலோ துரத்தலே இல்லை. இருபுறமும் மேலும் கீழுமாக நான்கு சரிவுகள், அவற்றின் உச்சியில் கோழிகள். உருண்டு வரும் முட்டைகளை ஓநாய் கூடையில் ஏந்த வேண்டும். மூன்று முட்டை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. முயல் மேலே ஒரு மூலையில் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. 25 ரூபிள் கொடுத்து வாங்கிய அந்தப் பெட்டி கடிகாரமாகவும் இருந்தது. அலாரம் அடிக்கும்போது மணியை ஆட்டுவது அந்த முயல்தான்.

துப்பு விதிகளில் கிடைத்தது. முயல் எட்டிப் பார்க்கும் நேரத்தில் முட்டை விழுந்தால் குஞ்சு பொரிந்து ஓடிவிடும், பாதித் தவறுதான் கணக்கில் ஏறும். 200 புள்ளியிலும் 500 புள்ளியிலும் அதுவரை சேர்ந்த தவறுகள் அழிந்துவிடும். இவ்வளவு விசித்திரமான விதிகள் இரண்டு இடங்களில் தற்செயலாக முளைக்காது. ஜப்பானின் நின்டெண்டோ 1981இல் வெளியிட்ட ‘மிக்கி மவுஸ்’ விளையாட்டில் அவை அப்படியே இருக்கின்றன. கும்பெய் யோகோய் 1980இல் தொடங்கிவைத்த ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையைச் சேர்ந்தது அது, மாதிரி எண் எம்சி-25. அங்கே முட்டை பிடிப்பவர் மிக்கி, மூலையில் எட்டிப் பார்ப்பவர் மின்னி. அதே ஆண்டு அதே ஆட்டம் ‘எக்’ என்ற பெயரிலும் வந்தது, இஜி-26. அதில் டிஸ்னி பாத்திரங்கள் இல்லை. மிக்கியின் இடத்தில் நிற்பது ஓநாயோ நரியோ என்று சொல்லத்தக்க ஒரு விலங்கு! மாஸ்கோவின் ஓநாய்க்கு முட்டை ஆசை நின்டெண்டோவின் ஊரான கியோட்டோவிலிருந்து வந்தது என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம் நீங்கிவிட்டது.

ஆனாலும் விதிகளின் ஒற்றுமை மட்டும் சான்றாகாது, உள்ளே பார்த்தாக வேண்டும். சோவியத் கருவியின் சில்லில் கேபி1013விகே1-2 என்று பொறித்திருக்கும். நின்டெண்டோ பயன்படுத்திய ஷார்ப் எஸ்எம்5ஏ சில்லின் நகல் அது. பழைய கருவிகளைக் கணினியில் மீண்டும் இயங்கவைக்கும் ‘மேம்’ திட்டத்தில் அதன் நிரலும் சேர்ந்திருக்கிறது. அளவு 1856 பைட்டு. இந்தக் கட்டுரையின் இரண்டு பத்திகளைக் கணினியில் சேமிக்கவே அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும்.

கார்ட்டூன் கதை இங்கேதான் உடைகிறது. 1856 பைட்டுக்குள் படம் அடங்காது என்பது ஒரு காரணம்தான். அடங்கினாலும் அந்தத் திரையால் அதைக் காட்ட முடியாது. திரையை வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஓநாயின் உடல் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கூடை ஏந்திய கைகள் மேலும் கீழும், சரிவுகளின் எல்லா முட்டைகளும், முயலும், ஓடும் குஞ்சும் எல்லாம் ஒரே நேரத்தில் மங்கலாகத் தெரியும். அத்தனையும் தொழிற்சாலையிலேயே கண்ணாடியில் பதிந்துவிட்ட வடிவங்கள். சில்லு செய்வதெல்லாம் எதைக் கறுப்பாக்குவது, எதை மறைப்பது என்பது மட்டுமே. அங்கே பதியாத ஒரு கோட்டைக்கூட அதனால் வரைய முடியாது. 999க்கு அடுத்த புள்ளியில் எண் 0க்குத் திரும்பும், முட்டைகள் தொடர்ந்து உருளும். அவ்வளவு தூரம் விரல் வலிக்க ஆடிய குழந்தைக்குக் கிடைத்தது அந்தப் பூஜ்யம்தான் என்பது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

அந்த நிரலுக்கு ஓநாயையே தெரியாது என்பதுதான் என் தேடலில் கிடைத்த பெரிய செய்தி. நான்கு திசையிலிருந்து ஏதோ வருகிறது, ஏதோ பிடிக்கிறது. அது அறிந்தது அவ்வளவே. அதனால்தான் கண்ணாடியை மட்டும் மாற்றி, அதே ஆட்டத்தை ஐஎம்-10இல் ஹாக்கி கோல்காப்பாளராகவும், ஐஎம்-13இல் விண்வெளி ஆய்வாளர்களாகவும் சோவியத் தொழிற்சாலைகளால் விற்க முடிந்தது. கார்ட்டூன் முழுவதும் கண்ணாடியிலும் பெட்டியின் ஓவியத்திலும்தான் இருந்தது.

ஆகவே ஆவணப்படுத்துவோரின் வேலையும் அங்கேதான் கனமாகிறது. நிரலை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். கண்ணாடிக்கு அந்த வசதி இல்லை. திரையைக் கழற்றி, ஒளிவருடியில் படமெடுத்து, ஒவ்வொரு முட்டையையும் ஓநாயின் ஒவ்வொரு கையையும் கணினியில் கோடு பிடித்து வரைய வேண்டியிருக்கிறது. திரவப் படிகம் கசிந்து கறுத்துவிட்ட திரையிலிருந்து அதைச் செய்ய முடியாது. அதனால், ஓடாத கருவி என்று யாராவது தூக்கிப்போட நினைத்தால், சில்லு செத்திருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி தெளிவாக இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.