இரண்டாம் வாக்கு: டண்டீத் தொகுதியின் தேர்தல் வரலாறு

பாராளுமன்ற வரலாற்றை எழுதப் புகுவோர் மந்திரிசபைகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும், பெருந்தலைவர்களின் சொல்வன்மையையும், சட்டங்களின் தோற்றத்தையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அத்தலைவர்களை மன்றத்துக்கு அனுப்பியும், வேண்டாதவிடத்துத் திருப்பி அழைத்தும் வந்த தொகுதிகளின் வரலாறோ அவர்தம் நூல்களில் அடிக்குறிப்பாக நின்றுவிடுகின்றது. ஆயினும் மக்களாட்சி உண்மையில் நிகழுமிடம் தொகுதியேயாம். ஆகலின், ஒரு தொகுதியைத் தனியே எடுத்து அதன் வாக்கெண்ணிக்கைகளை வரிசைப்படுத்தி நோக்குதல் பயன்தரும் முயற்சியாகும். ஸ்கொத்லாந்தின் கீழ்க்கரையில், ரே ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த டண்டீ நகரத் தொகுதியை ஈண்டு அவ்வாறு நோக்குவாம்.

டண்டீயின் பெயரை உலகம் அறிந்தது ஒரு தோல்வியால். 1922 ஆம் ஆண்டிலே வின்ஸ்ரன் சேர்ச்சில் அங்கு தோற்றார். வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவர் எட்வின் ஸ்கிறிம்ஜர் என்னும் மதுவிலக்குவாதி. மதுவை விரும்பிய பெருமகனை மதுவை வெறுத்த எளியவர் வென்றார் என இது நகைச்சுவைக் கதையாகவே பலராலும் சொல்லப்பட்டு வருகின்றது. அக்கதை சுவையுடையதேயாயினும், டண்டீ மக்கள் அன்று தீர்ப்பளித்தது மதுவைப் பற்றியன்று என்பதை எண்கள் காட்டுகின்றன.

1832 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்னர் டண்டீக்குத் தனியாக ஓர் அங்கத்தவர் இருந்ததில்லை. பேர்த், சென் அன்றூஸ் முதலிய பட்டினங்களோடு சேர்ந்து ஐந்து பட்டினங்களுக்கும் ஒருவரே இருந்தார். அவரைத் தெரிந்தவர்களும் மக்களல்லர், பட்டினச் சபையினரே. புதிய சட்டம் டண்டீக்குத் தனித்தொகுதி என்னும் நிலையை அளித்தது. அதன் முதல் அங்கத்தவராக ஜோர்ஜ் கின்லொக் என்பார் தெரிவானார். 1819 இல் மஞ்செஸ்ரரிலே பீற்றர்லூ என்னுமிடத்தில் கூடிய மக்கள்மீது படையினர் பாய்ந்ததைக் கண்டித்து டண்டீயில் பேசியமைக்காக அரச நிந்தனைக் குற்றஞ் சாட்டப்பெற்று, பிரான்சுக்குத் தப்பியோடி, சட்டப் பாதுகாப்பிழந்தவர் எனப் பிரகடனஞ் செய்யப்பட்டவர் அவர். அத்தகையவரையே அந்நகரம் தன் முதற் பிரதிநிதியாக அனுப்பியது. அடுத்த ஆண்டிலேயே அவர் இறந்தாராயினும், அவரது சிலை இன்றும் அந்நகரின் நடுவே நிற்கின்றது. அரசு ஒறுத்தவரை மக்கள் உவந்தேற்கும் இவ்வழக்கம் தொண்ணூறு ஆண்டுகளின் பின் மீண்டும் தோன்றியதை மேலே காண்போம்.

1868 இல் நகரின் வளர்ச்சி கருதி டண்டீக்கு இரண்டாவது ஆசனம் வழங்கப்பட்டது. நகரம் பிரிக்கப்படவில்லை; ஒரே தொகுதிக்கு இரு அங்கத்தவர், ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் என்பதே ஏற்பாடு. ஒருவர் தம் இரு வாக்குகளையும் ஒரே அபேட்சகருக்கு இடுதல் இயலாது. இருவருக்குப் பகிர்ந்திடலாம், அல்லது ஒன்றை மட்டும் பயன்படுத்தி மற்றதை விட்டுவிடலாம். இவ்வேற்பாட்டை மனத்திற் கொள்ளாதார்க்கு டண்டீயின் பிற்கால வரலாறு விளங்காது. முதல் வாக்கு ஒருவருடைய கட்சிப் பற்றைக் காட்டும். இரண்டாம் வாக்கோ அவர் யாரோடு உறவு கொள்ள விரும்புகின்றார் என்பதைக் காட்டும்.

இனி அந்நகர மக்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். டண்டீயின் வாழ்வு சணலை நம்பியிருந்தது. வங்காளத்திலிருந்து கப்பலேறி வந்த சணல் நாரைத் திமிங்கில எண்ணெய் கொண்டு பதப்படுத்தி, நூற்று, நெய்து, உலகின் மூட்டைகளுக்கெல்லாம் சாக்கு அளித்த நகரம் அது. ஆலைகளில் ஆண்களிலும் பெண்களே மிகுதியாக வேலை செய்தனர். அவர்க்குக் கொடுக்கப்பட்ட கூலி குறைவு. வளர்ந்த ஆண்மக்கள் பலர் வேலையின்றி வீட்டிலிருந்து அடுப்பைப் பார்க்க, மனைவியர் ஆலைக்குச் சென்றனர். அயர்லாந்திலிருந்து வறுமையால் வந்து லொக்கீ என்னும் பகுதியிற் குடியேறியோரும் ஏராளம். கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றங்கரையில் ஆலைகள் பெருகிய பின்னர் டண்டீயின் தொழிலுக்கு நிலையான போட்டி உண்டாயிற்று. செல்வம் சில ஆலையதிபரிடத்தும் வறுமை பல்லாயிரவரிடத்தும் தங்கிய நகரம் என இதனைச் சுருங்கக் கூறலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அங்கு லிபரல் கட்சியினரே பெரும்பாலும் வென்றனர். 1906 இல் முதன்முறையாக அந்நிலை மாறியது. கப்பல் கட்டுந் தொழிலாளர் சங்கத் தலைவரான அலெக்சாந்தர் வில்கி தொழிற்கட்சியின் சார்பில் ஓர் ஆசனத்தைக் கைப்பற்றினார். ஸ்கொத்லாந்தில் அவ்வாண்டு வென்ற தொழிற்கட்சியினர் இருவரே. அவருள் ஒருவர் இவர். மற்றைய ஆசனம் எட்மன்ட் றொபேட்சன் என்னும் லிபரல் அங்கத்தவரிடம் இருந்தது.

1908 ஏப்பிரிலில் அஸ்குவித் பிரதம மந்திரியானபோது சேர்ச்சில் வர்த்தக மந்திரியாக நியமனம் பெற்றார். மந்திரிப் பதவி ஏற்போர் மீண்டும் தொகுதி மக்களின் ஆணையைப் பெறல் வேண்டும் என்பது அக்காலச் சட்டம். அவ்வாறே மஞ்செஸ்ரரில் நின்ற சேர்ச்சில் 429 வாக்குகளால் தோற்றார். உடனே றொபேட்சன் பிரபுக்கள் சபைக்கு உயர்த்தப்பட்டார். டண்டீயின் ஆசனம் வெற்றிடமாயிற்று. மே 9 இல் நடந்த இடைத்தேர்தலில் சேர்ச்சில் 7,079 வாக்குகளும், யூனியனிஸ்ற் கட்சியின் பக்ஸ்ரர் 4,370 வாக்குகளும், தொழிற்கட்சியின் ஸ்ருவேட் 4,014 வாக்குகளும் பெற்றனர். நான்காமவராக நின்ற ஸ்கிறிம்ஜருக்குக் கிடைத்தவை 655 மட்டுமே. பெண்களுக்கு வாக்குரிமை கோரிய ஒரு மாது சேர்ச்சில் பேசிய இடந்தோறும் பெரிய மணியொன்றை அடித்து அவர் பேச்சைத் தடுத்தமை அத்தேர்தலின் மறவா நிகழ்ச்சியாகும். டண்டீ தமக்கு வாழ்நாள் முழுவதற்குமான ஆசனம் என்று சேர்ச்சில் மகிழ்ந்தார். ஆயின் அளிக்கப்பட்ட 16,118 வாக்குகளில் அவர் பெற்றது பாதிக்குங் குறைவு என்பதை நாம் கருதுதல் வேண்டும். எதிரிகள் பிரிந்து நின்றமையாலேயே வெற்றி எளிதாயிற்று.

1910 இல் இருமுறை பொதுத்தேர்தல் நடந்தது. ஜனவரியில் சேர்ச்சில் 10,747, வில்கி 10,365. டிசெம்பரில் சேர்ச்சில் 9,240, வில்கி 8,957. இவ்விரு சோடி எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை நோக்குக. லிபரல் வாக்காளர் தம் இரண்டாம் வாக்கை வில்கிக்கும், தொழிற்கட்சி வாக்காளர் தம் இரண்டாம் வாக்கைச் சேர்ச்சிலுக்கும் அளித்தனர் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தொழிலாளர் அவ்வாறு அளித்தமைக்குக் காரணமும் இருந்தது. தொழில் தேடித்தரும் நிலையங்களையும், கூலி மிகக் குறைந்த தொழில்களுக்குக் கூலிச் சபைகளையும் 1909 இல் சட்டமாக்கிய மந்திரி சேர்ச்சிலே. ஐரிஷ் மக்களும் சுயாட்சியை எதிர்பார்த்து லிபரல் கட்சியை ஆதரித்தனர். எனவே சேர்ச்சிலின் ஆசனம் அவருக்கு மட்டும் உரியதன்று; ஏழைத் தொழிலாளியின் இரண்டாம் வாக்கின்மீது அமைந்த இருக்கை அது.

இதற்கிடையில் ஸ்கிறிம்ஜர் சளைக்கவில்லை. டண்டீயிற் பிறந்து, டண்டீயில் வாழ்ந்து, நகரசபையிலும் பணியாற்றியவர் அவர். 1901 இல் ஸ்கொத்லாந்து மதுவிலக்குக் கட்சியைத் தொடக்கியவருள் முதன்மையானவர். மதுவை வெறுத்தது போலவே வறுமையையும் வெறுத்தவர். ஆழ்ந்த கிறித்தவப் பற்றும் சமவுடைமைக் கொள்கையும் அவரிடத்து இணைந்து நின்றன. அவர் பெற்ற வாக்குகளை வரிசையாகக் காண்க: 1908 இல் 655, 1910 ஜனவரியில் 1,512, டிசெம்பரில் 1,825, 1917 இடைத்தேர்தலில் 2,036, 1918 இல் 10,423. ஒவ்வொரு முறையும் தோல்வி. ஒவ்வொரு முறையும் ஏற்றம். போர்த்தளவாட மந்திரியான சேர்ச்சில் 7,302 வாக்குகள் பெற்று வென்ற 1917 ஆம் ஆண்டின் இடைத்தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஒரே அபேட்சகர் ஸ்கிறிம்ஜர் என்பதும் குறிப்பிடற்பாலது.

1918 ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வயதடைந்த ஆடவர்க்கும், முப்பது வயது கடந்த பெண்களுட் பெரும்பாலார்க்கும் வாக்குரிமை நல்கியது. எனினும் அவ்வாண்டு டிசெம்பரில், போர்வெற்றியின் ஆரவாரத்திடையே நடந்த தேர்தலில் பழைய சோடியே வென்றது: சேர்ச்சில் 25,788, வில்கி 24,822.

அடுத்த நான்காண்டுகளில் அடித்தளம் கரைந்தது. போருக்குப் பின் சணற்றொழில் தளர்ந்தது, வேலையின்மை பெருகிற்று. போர் மந்திரியான சேர்ச்சில் ருஷ்யப் புரட்சியாளருக்கு எதிராகப் படை செலுத்துவதில் ஊக்கங் காட்டியமை தொழிலாளரைச் சினப்படுத்தியது. அயர்லாந்தில் அரசு நடத்திய அடக்குமுறை லொக்கீ மக்களைப் பகைவராக்கிற்று. 1921 ஆம் ஆண்டு ஐரிஷ் உடன்படிக்கையில் சேர்ச்சில் பெரும்பங்கு கொண்டிருந்தும் அப்பகை தணியவில்லை. வில்கி ஓய்வு பெற்றார். அவரோடு லிபரல் தொழிலாளர் உறவும் முடிந்தது. சேர்ச்சிலுக்குத் துணையாக இம்முறை நின்றவர் மக்டொனால்ட் என்னும் மற்றொரு தேசிய லிபரல்.

எதிர்ப்புறத்திலே தொழிற்கட்சி ஓர் அபேட்சகரை மட்டும் நிறுத்தியது. அவரே மொறெல். கொங்கோ நாட்டிலே இறப்பருக்காக ஆபிரிக்க மக்கள்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளை உலகறியச் செய்தவர். போரை எதிர்த்தமையால் 1917 இற் சிறைசென்றவர். கின்லொக்கைத் தெரிந்த நகரம் இவரைக் கண்டு அஞ்சவில்லை. தொழிற்கட்சி வாக்காளரின் இரண்டாம் வாக்கு இப்போது வழி தேடி நின்றது. அது தன்னூர் மனிதரான ஸ்கிறிம்ஜரைச் சென்றடைந்தது.

சேர்ச்சிலோ குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்து கிடந்தார். அவருடைய மனைவியார் பிறந்து சில வாரங்களேயான குழந்தையுடன் டண்டீக்கு வந்து பிரசாரஞ் செய்தார். இறுதி நாட்களில் நாற்காலியில் சுமந்துவரப்பட்ட சேர்ச்சிலின் பேச்சைக் கேட்கவும் கூட்டம் மறுத்தது. நவம்பர் 15 இல் அளிக்கப்பட்ட வாக்குகள் வருமாறு: ஸ்கிறிம்ஜர் 32,578, மொறெல் 30,292, மக்டொனால்ட் 22,244, சேர்ச்சில் 20,466, சுயேச்சை லிபரலான பில்கிங்ரன் 6,681, கொம்யூனிஸ்ற் கட்சியின் கலகர் 5,906. பதவியும் ஆசனமும் கட்சியும் குடல்வாலும் ஒருங்கே போயின எனச் சேர்ச்சில் பின்னாளில் நகைபட எழுதினார்.

இவ்வெண்களை 1918 ஆம் ஆண்டின் எண்களோடு ஒப்பிடுவோம். சேர்ச்சில் இழந்தவை 5,322 வாக்குகளே. ஸ்கிறிம்ஜர் மிகுதியாகப் பெற்றவையோ 22,155. ஆகவே சேர்ச்சிலை விட்டு நீங்கியோரால் மட்டும் இவ்வெற்றி விளைந்ததன்று. 1918 இல் அளிக்கப்பட்ட வாக்குகள் மொத்தம் 68,802. 1922 இல் 118,167. ஒவ்வொருவரும் இரு வாக்குகளையும் பயன்படுத்தினர் எனக் கொண்டால், முன்னைய தேர்தலுக்கு வந்தோர் சுமார் 34,000 பேர். பின்னைய தேர்தலுக்கு வந்தோர் சுமார் 59,000 பேர். 1918 இல் உரிமை பெற்றும் வாக்களியாதிருந்த ஏழை மக்கள் 1922 இலேயே அவ்வுரிமையை உண்மையிற் கையாண்டனர் என்பது வெள்ளிடைமலை. முதலிரு அபேட்சகரின் வாக்குகளும் நெருங்கி நிற்றல், பழைய சோடி நீங்கிப் புதிய சோடி பிறந்தமையைக் காட்டுகின்றது. அம்மக்கள் மதுவிலக்கை விரும்பினராயின், சேர்ச்சிலுக்கும் முந்திய ஐந்து தேர்தல்களிலும் ஸ்கிறிம்ஜர் கடைநிலையை ஒட்டியே நின்றிருக்க வேண்டியதில்லை. அவர்கள் தெரிந்தெடுத்தது கொள்கையையன்று, தம்மிடையே வாழ்ந்தவரை.

ஸ்கிறிம்ஜர் 1923 இல் மன்றத்திற் கொணர்ந்த மதுவிலக்கு மசோதா பெரும் வித்தியாசத்தில் தோற்கடிக்கப்பட்டது. மதுவிலக்கை மட்டுமே பெயராகக் கொண்ட கட்சியின் சார்பில் பிரித்தானிய மக்கள்சபைக்குத் தெரிவானவர் அவர் ஒருவரே. மொறெல் 1924 இல் மீண்டும் வென்ற சில வாரங்களில் இறந்தார். 1931 இல் பொருளாதார நெருக்கடியிடையே மற்றொரு சோடி எழுந்தது: லிபரல் கட்சியின் டிங்கிள் பூட்டும், யூனியனிஸ்ற் கட்சியின் புளொறன்ஸ் ஹோர்ஸ்பறோ அம்மையாரும் வென்றனர், ஸ்கிறிம்ஜர் வீழ்ந்தார். பெண்களின் உழைப்பால் வாழ்ந்த அந்நகரம் முதன்முறையாக ஒரு பெண்ணை அனுப்பியது அவ்வாண்டிலேயே. 1945 இல் தொழிற்கட்சியின் குக், ஸ்ரேச்சி ஆகிய சோடி அவர்களை அகற்றியது. 1950 இல் தொகுதி கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட, இரண்டாம் வாக்கும் மறைந்தது.

1943 இல், போரின் நடுவே, டண்டீ நகரசபை சேர்ச்சிலுக்கு நகரக் கௌரவ உரிமை வழங்க ஒரே வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தது. அவர் அதனை ஏற்க மறுத்தார். எனினும் தோல்வியுற்ற அன்றைய நாட்களில், டண்டீ மக்கள் வாழும் வாழ்க்கையைக் கண்டோர் அவர்கள் செய்ததற்கு நியாயம் உண்டென்று ஒப்புவர் என நண்பர் ஒருவருக்கு எழுதியவரும் அவரே. பதினான்கு ஆண்டுகள் அம்மக்களின் பிரதிநிதியாக இருந்தவர் அவ்வாழ்க்கையைத் தேர்தலில் தோற்றபின் கருணையோடு நினைந்தார். ஸ்கிறிம்ஜரோ அதனோடு கலந்தே வாழ்ந்தார். இவ்வேறுபாட்டை அம்மக்கள் அறிந்திருந்தனர். வாழ்நாளுக்குரிய ஆசனம் என்பது மக்களாட்சியில் எவர்க்கும் இல்லை. வாக்காளர் தரும் தவணையே உண்டு என்பதே டண்டீயின் வரலாறு நமக்குக் கூறும் பாடமாகும்.