ஜெயிச்சது யாரு? மல்யுத்த ரசிகர்களின் அளவுகோல்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் எடுத்துவிட்டு, படிக்க ஏற்றபடி கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

மல்யுத்தத்தைப் பத்தி ஒரு எபிசோடு பண்ணப்போறேன்னு சொன்னதும் ஆபீஸ்ல வந்த முதல் கேள்வி, "டேய், அதெல்லாம் செட்டப்புதானடா?"

ஆமா, செட்டப்புதான். யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவாயிடும். 1989-ல நியூஜெர்சி மாநில செனட் முன்னாடி டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே போய், "இது விளையாட்டுப் போட்டி இல்ல, பொழுதுபோக்கு"ன்னு சொல்லிடுச்சு. விளையாட்டு ஆணையத்தோட கட்டுப்பாடும் வரியும் மேல விழக்கூடாதுங்கறதுதான் அவங்க கணக்கு. ஆக அந்தக் கேள்வி முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. எனக்கு இருக்கிற கேள்வி வேற. முடிவு பேசி வெச்சதுன்னு தெரிஞ்சும், "இது நல்ல மேட்ச், அது மொக்கை மேட்ச்"னு ரசிகர்கள் ராத்திரி முழுக்கச் சண்டை போடறாங்களே, எதை வெச்சு?

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து ஆளுங்களுக்கு இது புதிராவே இருக்கக்கூடாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில படுகளம் பாத்திருப்பீங்க. மண்ணுல பெருசா துரியோதனனைப் படுக்க வெச்சிருப்பாங்க. பீமனும் துரியோதனனும் கதையோட அந்த உருவத்தைச் சுத்தி ஓடுவாங்க, துரத்துவாங்க, கடைசியில தொடையில அடி விழும், திரௌபதி கூந்தல் முடிவா. இதுல எந்த இடம் நமக்குத் தெரியாது? பாரதம் முடிஞ்சு எத்தனை காலம் ஆச்சு! ஆனா, "முடிவு தெரிஞ்ச கதைக்கு எதுக்கு ராத்திரியெல்லாம் கண் முழிக்கிற?"ன்னு யாரும் யாரையும் கேட்கறதில்ல. மறுநாள் டீக்கடையில பேச்சு, "இந்த வருஷம் துரியோதனன் பிரமாதம்ப்பா, பீமன்தான் சரியில்ல"ன்னுதான் போகும். யாரு ஜெயிச்சான்னு இல்ல, எப்படி ஜெயிச்சான், விழுந்தவன் எப்படி விழுந்தான்னு பேசறோம். மல்யுத்த ரசிகன் பண்றதும் இதேதான்.

சரி, செட்டப் வேணாம், அசல் சண்டையே பாப்போம்னு சொல்றவங்களுக்கு ஒரு கதை. 1910 செப்டம்பர் 10, லண்டன். நம்ம காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவும் மோதறாங்க. பேசி வெச்சதில்ல, நிஜமான பந்தயம். ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே காமா அவரைக் கீழே தள்ளிட்டார். அதுக்கப்புறம் ஸிபிஸ்கோ எழுந்திருக்கவே பயந்து பாயோட பாயா ஒட்டிக்கிட்டார். அப்படியே இரண்டரை மணி நேரத்துக்கு மேல போச்சு! மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். இருட்டற நேரத்துல முடிவில்லாமலே நிறுத்திட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி மோதணும்னு நாள் குறிச்சாங்க, ஸிபிஸ்கோ வரவே இல்ல. 1928-ல பாட்டியாலாவுல ரெண்டு பேரும் மறுபடி மோதினப்ப காமா ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சிட்டார்.

டிக்கெட் வாங்கிட்டு வந்தவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு, இரண்டரை மணி நேரம் ஒண்ணுமே நடக்கல. இன்னொண்ணு, உட்கார்ந்து துண்டை உதறிப் போடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அசல் சண்டைக்குப் பாக்கிறவன் மேல எந்தக் கடமையும் கிடையாது. அது அதோட நேரத்துக்குத்தான் முடியும்.

1920-கள்ல அமெரிக்காவில எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட்னு மூணு பேர் கூட்டுச் சேர்ந்து பிடிச்சது இந்த இடத்தைத்தான். மேட்சுக்கு நேர வரம்பு வெச்சாங்க, தூக்கி அடிக்கிற அடிகளைச் சேர்த்தாங்க, ஒரு குழுவையே ஊர் ஊரா கூட்டிட்டுப் போனாங்க. நாம டிவியில பாத்த மல்யுத்தத்துக்கு அஸ்திவாரம் அங்கதான் விழுந்தது. மக்களை ஏமாத்தறதுக்காக மட்டும் அது வந்ததுன்னு சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். கொட்டாவியும் ஒரு முக்கியக் காரணம்.

நம்ம பக்கம் அந்தக் கலை தாராசிங், கிங்காங் ரூபத்துல வந்துச்சு. கிங்காங்கோட நிஜப்பேர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர், சிங்கப்பூர்ல இருந்தவர். ஏறத்தாழ இருநூறு கிலோன்னு விளம்பரம். தாராசிங்கும் 1940-கள் கடைசியில பிழைப்புக்கு சிங்கப்பூர் போய் அங்கதான் பயில்வானா ஆனார். 1954-ல ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம். 1968-ல பம்பாய்ல லூ தெஸ்ஸை ஜெயிச்சு உலக சாம்பியன். ஐநூறு பந்தயம், ஒண்ணுலகூடத் தோல்வி இல்லைன்னு சொல்லுவாங்க. கொஞ்சம் நிதானமா யோசிச்சா அந்தக் கணக்கே விஷயத்தைச் சொல்லிடும். அசல் விளையாட்டுல அப்படி ஒரு கணக்கு வராது. ஆனா எங்க தாத்தா தலைமுறைக்கு அது உறுத்தவே இல்ல. "பெரிய தாராசிங்னு நினைப்பு"ங்கறது இன்னைக்கும் நம்ம வாயில வர்ற வார்த்தை. அந்த மலையை இந்த ஆளு தலைக்கு மேல தூக்கினான்ங்கறதுதான் அவங்களுக்கு மேட்ச். தூக்கினது நிஜம்தானே?

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். பாக்கிறவன் எதை வெச்சு எடை போடறான்ங்கறதுக்குப் பழைய சாட்சி ஒண்ணு தமிழ்லயே இருக்கு. புறநானூறு 80-லருந்து 85 வரைக்கும் ஆறு பாட்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, அப்பா தித்தனோட பிணங்கிக்கிட்டுப் போனவன், ஆமூர் மல்லனோட மோதினதை வெச்சு வந்த பாட்டுங்க. முதல் மூணு சாத்தந்தையார், அடுத்த மூணு நக்கண்ணையார். (திண்டிவனத்துக்காரங்க உடனே காலரைத் தூக்கிவிட வேணாம். சிறுபாணாற்றுப்படையில வர்ற ஓய்மாநாட்டு ஆமூரும் கிடங்கிலும் நம்ம பக்கம்தான். ஆனா இந்தப் பாட்டோட குறிப்பு சொல்ற ஊர் முக்காவனாட்டு ஆமூர். அது வேற.)

80-வது பாட்டு பிடியைச் சொல்லுது. ஒரு கால் எதிராளியோட மார்பை அழுத்துது, இன்னொரு கால் அவன் பண்ற தந்திரத்தைத் தடுத்துப் பின்பக்கமா வளைக்குது. பசியில மூங்கிலை வளைக்கிற யானை மாதிரி, தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒடியற மாதிரி அவனை மடக்கிப்போட்டான்னு வருது. எந்தக் கால் எங்க இருந்ததுங்கறது வரைக்கும் இருக்கு, கவனிச்சீங்களா? நடுவுல ஒரு வார்த்தை: மகன்மேல பிரியம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, அந்தத் தித்தன் இதைப் பாத்திருக்கணும்னு. ஒரு பிடியை வர்ணிக்கிற இடத்துல அப்பா மகன் சண்டையைக் கொண்டுவந்து வெச்சுட்டார் சாத்தந்தையார். இன்னைக்கு மல்யுத்தத்துல கதை எழுதறவங்க சம்பளம் வாங்கிக்கிட்டுப் பண்ற வேலை இதுதான்.

82-வது வேகத்தைச் சொல்லுது. ஊர்ல திருவிழா, வீட்ல மனைவிக்குப் பிரசவ வேளை, மழை கொட்டுது, பொழுது சாயுது. அந்த நேரத்துல கட்டிலுக்கு வார் பின்னிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு தொழிலாளி கையில இருக்கிற ஊசி என்ன வேகத்துல போகும்? அதைவிட வேகமா இருந்ததாம் அந்தச் சண்டை. அந்தத் தொழிலாளியைக் குறிக்கிற சொல் சாதி இழிவுச் சொல், அதை இங்க நான் சொல்லப்போறதில்ல. ஆனா ராஜா வீட்டுப் பிள்ளையோட வேகத்துக்கு அளவுகோலா அந்தப் பாட்டு எடுத்தது அவர் கையைத்தான், அதையும் சொல்லணும்.

எனக்குப் பிடிச்சது 85. நக்கண்ணையார் அவனை விரும்பறவங்க. அவனுக்கு இது சொந்த ஊரும் இல்ல, சொந்த நாடும் இல்ல. அதனால ஊரே ரெண்டா பிரிஞ்சு, அவன் ஜெயிச்சான்னு ஒரு கூட்டம், இல்லைன்னு ஒரு கூட்டம். வெளியூர் ஆட்டக்காரனுக்கு எதிரா கத்தற கூட்டம் அன்னைக்கே இருந்திருக்கு! இவங்க சிலம்பு சத்தம்போட ஓடிப்போய், வீட்டுப் பக்கத்துல முழவு மாதிரி அடிபருத்த பனைமரத்துல சாஞ்சு நின்னு பாக்கறாங்க. அவன் ஜெயிச்சதை நான் பாத்தேன்னு சொல்றாங்க.

பிடி தெளிவா இருந்ததா, வேகம் இருந்ததா, நீ எந்தப் பக்கம் நின்னு பாத்த? ஆறு பாட்டுல இதெல்லாம் வந்துடுது.

இதுல கடைசி விஷயத்தைத்தான் நவீன ரசிகன் மறந்துட்டான்னு எனக்குத் தோணும். அமெரிக்காவில டேவ் மெல்ட்ஸர்னு ஒருத்தர், 1980-கள்லருந்து அப்சர்வர்னு ஒரு செய்திமடல் நடத்தறார். மேட்சுக்கு ஸ்டார் கொடுக்கிறதைப் பிரபலமாக்கினது அவர்தான். அஞ்சு ஸ்டார்னா உச்சம். அப்புறம் உச்சமும் பத்தல, ஒகாடா, ஒமேகா மோதலுக்கு 2017-ல ஆறு, 2018-ல ஏழுன்னு போயிடுச்சு. பத்தாங்கிளாஸ் மார்க் மாதிரி நூத்துக்கு நூத்திருபது!

1987 மார்ச் 29, ரெஸில்மேனியா மூணு. அரங்கத்துல 93,173 பேர்னு அறிவிச்சாங்க. அத்தனை பேரும் வந்தது ஹல்க் ஹோகன், ஆண்ட்ரே மோதலுக்கு. ஆண்ட்ரேவுக்கு முதுகு போயிடுச்சு, நடக்கவே கஷ்டம். ஹோகன் அவரைத் தூக்கி அடிச்சது ஒரே ஒரு தடவை. மெல்ட்ஸர் கொடுத்தது மைனஸ் நாலு ஸ்டார். அதே நாள் ராண்டி சேவேஜ், ரிக்கி ஸ்டீம்போட் மோதல், வார் பின்ற ஊசி மாதிரி. அதுக்கு நாலரை. நாலரை சரியான மதிப்புதான், எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த மைனஸ் நாலு, பனைமரத்துக்குக் கிட்ட நிக்காத ஆள் போட்ட மார்க்.

2006, 2007-ல நான் ஸ்கூல் பையன். ட்ரம்ப் கார்டுல செஸ்ட், பைசெப்ஸ் சொல்லி விளையாடற வயசு. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு சத்தியம் பண்ணுவோம். அந்த அண்டர்டேக்கரை கிரேட் காளி வந்து கீழே சாய்ச்சாரு. 2007 ஜூலையில வேர்ல்டு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனாரு. அவரால வேகமா நகரமுடியாது, பிடி ஒழுங்கா விழாது, மேட்ச்னு பாத்தா மோசம்தான். வெளிநாட்டு ரசிகன் சிரிச்சான், அவன் சிரிச்சதும் நியாயம். ஆனா எங்க தெருவுல டென் ஸ்போர்ட்ஸ் வர்ற ஒரே வீட்டு ஜன்னல்ல தொங்கிட்டு இருந்த எங்களுக்கு வேற மேட்ச் நடந்தது. இந்தியாவுலருந்து போன ஒருத்தன், அவன் ஊரு இல்லாத ஊர்ல நிக்கிறான். ரெண்டு பேர் பாத்ததும் உண்மைதான்.

இது எல்லாம் ஒண்ணா சேர்ந்த மேட்ச் ஒண்ணு சொல்லணும்னா 1997 மார்ச் 23, பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின். பிரெட் நல்லவனா உள்ள வந்தார், ஆஸ்டின் கெட்டவனா வந்தார். கடைசியில பிரெட் காலை மடக்கிப் பூட்டறார், ஆஸ்டின் நெத்தியிலருந்து ரத்தம் வழியுது, ஆனா தோத்தேன்னு சொல்லமாட்டேங்கறார். மயங்கிட்டார்னு ரெஃபரி நிறுத்திடறார். கணக்குப்படி ஜெயிச்சது பிரெட். கூட்டம் கத்தினது ஆஸ்டினுக்கு. ஜெயிச்சான்னு ஒரு சாரார், இல்லைன்னு ஒரு சாரார்! முடிவு எழுதி வெச்ச மேட்ச்ல, யாரு ஜெயிச்சாங்கறதை மக்கள் மாத்தி எழுதிட்டாங்க. இதுக்கு மெல்ட்ஸரும் அஞ்சு ஸ்டார் கொடுத்தார்.

இன்னொண்ணும் பேசணும், பேசாம முடிக்க மனசு வரல. என் வேலையில ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். எதை அளக்கறீங்களோ அதைத்தான் ஜனங்க கூட்டுவாங்க. பக்கம் லோடு ஆகற நேரத்தை மட்டும் அளந்தா அது மட்டும் குறையும், மத்தது நாசமாப் போகும். 1990-கள்ல ஜப்பான்ல மிட்சுஹாரு மிசாவா, தோஷியாக்கி கவாடா எல்லாம் பண்ணின மேட்சுகளை ரசிகர்கள் சிகரம்னு சொல்லுவாங்க. 1994 ஜூன் 3 மோதலுக்கு அஞ்சு ஸ்டார். அது சிகரம்தான், நானும் சொல்றேன். ஆனா அந்தப் பாணியில எதிராளியைக் கழுத்தும் தலையும் முதல்ல படற மாதிரி கீழே போடுவாங்க. முதல்ல ஒரு தடவை போட்டா அரங்கமே எழுந்து நிக்கும். அடுத்த வருஷம் அதே சத்தம் வரணும்னா இன்னும் செங்குத்தாப் போடணும். விழறது நடிப்பு இல்ல மக்களே, கழுத்தெலும்புக்குக் கதை தெரியாது. மிசாவா அப்படி வருஷக்கணக்குல விழுந்தார். 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவுல ஒரு மேட்ச். பின்பக்கமாத் தூக்கிப் போடற அடி, அவர் ஆயிரம் தடவை வாங்கினதுதான். எழுந்திருக்கல. கழுத்துத் தண்டுவடத்துல காயம், அன்னைக்கு ராத்திரியே இறந்துட்டார். நாப்பத்தாறு வயசு.

அந்த 1994 மேட்சை இப்பவும் வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கறேன். மிசாவா ஜெயிக்கிற கடைசி அடி, கவாடாவைத் தலைகீழாப் போடறது. முன்னாடியெல்லாம் அந்த இடத்தை ரீவைண்ட் பண்ணிப் பாப்பேன். இப்ப அதுல பத்து செகண்ட் தள்ளிவிட்டுட்டு, ரெஃபரி மூணு எண்றதுலருந்து பாக்கறேன்.

அடுத்த எபிசோடுல பாப்போம் மக்களே.