உடலும் உள்ளமும்: பல்கு நகரத்து அறிஞர் விட்டுச் சென்ற பாடம்

நம் வீடுகளில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். அவரே மாதக்கணக்கில் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, யாரிடமும் பேசாமல் மூலையில் அமர்ந்திருந்தால் என்ன செய்கிறோம்? 'ஈமான் குறைந்துவிட்டது' என்கிறோம். 'கண்ணேறு பட்டுவிட்டது' என்கிறோம். வெளியே தெரிந்தால் சம்பந்தம் பேச வருவோர் பின்வாங்கிவிடுவார்களே என்று அஞ்சி மறைக்கிறோம். இவ்வாறு மறைப்பதுதான் நம் மரபு என்றும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் நம் முன்னோரின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

ஹிஜ்ரி 235ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 850இல், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார் அபூ ஸைத் அல்பல்கீ. இளமையில் பக்தாத் சென்று, தத்துவ அறிஞர் அல்கிந்தீயிடம் பாடம் பயின்றார். பின்னர் சொந்த மண்ணுக்கே திரும்பி, நூல்கள் எழுதி, ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தார். புவியியல் வரலாற்றைப் படிப்போர் அவரை நன்கறிவர். இஸ்லாமிய உலகின் வரைபடங்களில் ஒரு மரபே 'பல்கீ மரபு' என்று அவர் பெயரால் வழங்குகிறது. அவர் எழுதிய மருத்துவ நூலையோ நம்மில் பலர் அறியோம்.

அந்நூலின் பெயர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்'. உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை என்பது இதன் பொருள். இரண்டையும் ஒரே தலைப்பில் இணைத்ததிலேயே அவருடைய கொள்கை விளங்கிவிடுகிறது. முதற்பகுதியின் 14 அத்தியாயங்களில் உறைவிடம், நீர், உணவு, உடை, உறக்கம், குளியல், உடற்பயிற்சி போன்றவற்றைப் பேசுகிறார். இரண்டாம் பகுதியின் 8 அத்தியாயங்கள் உள்ளத்தைப் பற்றியவை. அவற்றில் சினம், அச்சம், கவலை, வஸ்வாஸ் ஆகிய நான்குக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு.

மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்த படைப்பு. ஆகவே ஒன்றின் நோய் மற்றொன்றைத் தொடாமல் விடாது என்பது அவர் வாதத்தின் அடித்தளம். உடல் நோயுற்றால் சிந்தனை மங்குகிறது. உள்ளம் நோயுற்றால் உடல் தனக்குரிய இன்பங்களை இழந்து, நாளடைவில் தானும் நோயில் விழுகிறது. இவ்வளவு இருந்தும் மருத்துவர்கள் உடலை மட்டுமே கவனிக்கிறார்களே என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார். உடல்நோய் இல்லாமல் நெடுங்காலம் வாழ்பவர்கள் உண்டு. சினமோ கவலையோ அச்சமோ தீண்டாமல் வாழ்பவர் எவருமில்லை. ஆகவே உள்ளத்தைப் பேணும் அறிவு அனைவருக்கும் தேவை என்பது அவர் முடிவு.

கவலையை அவர் இருவகையாகப் பிரித்தார். உறவினர் மரணம், பொருள் இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணமே தெரியாமல் வந்து அழுத்துவது மற்றொன்று. முதல் வகைக்கு நல்லோரின் ஆறுதலும், தன்னுள் தானே நிகழ்த்தும் சிந்தனையும் மருந்து என்றார். இரண்டாம் வகையோ உடலிலிருந்தே, அக்கால மருத்துவக் கருத்தின்படி இரத்தத்தின் கேட்டிலிருந்து, எழுவது என்றும், அதற்கு உடலுக்கே சிகிச்சை அளிக்க வேண்டும் என்றும் கூறினார். இரத்தம் பற்றிய அந்த விளக்கம் இன்று பழையதாகிவிட்டது. ஆனால் காரணமற்ற கவலையைப் பாவமென்றோ பலவீனமென்றோ பழிக்காமல், நோயென்று கண்டறிந்த பார்வை பழையதாகவில்லை.

வீட்டில் திடீர் நோய்க்கென மருந்துகளை எடுத்து வைப்பதுபோல, உள்ளம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைக்கவேண்டும் என்பது அவர் தந்த அழகிய அறிவுரை. சினம் பொங்கும்போது அவற்றைத் தேடினால் கிடைக்காது. வஸ்வாஸால் துன்புறுவோர் தனிமையைத் தவிர்க்க வேண்டும் என்றும் எழுதினார். அத்தகையோரை அறைக்குள் அடைத்து வைக்கும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்பார்வை அவரோடு நின்றுவிடவில்லை. கி.பி. 980இல் புகாராவுக்கு அருகே பிறந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலில், காதலை மறைத்து நோயுற்றவரின் நாடியைப் பிடித்தபடி பல பெயர்களைச் சொல்லிவரச் சொன்னார். எந்தப் பெயரில் நாடி மாறுகிறதோ அதுவே காரணம் என்றார். வாய் சொல்லாததை உடல் சொல்லிவிடுகிறது.

மருத்துவமனைகளும் இவ்வழியில் எழுந்தன. பாரசீகத்தில் நோயாளியைக் குறிக்கும் 'பீமார்' என்ற சொல்லிலிருந்து 'பீமாரிஸ்தான்' என்று அவை பெயர் பெற்றன. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய பீமாரிஸ்தானில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. 1488இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத், எதிர்னே நகரில் துன்ஜா ஆற்றங்கரையில் பள்ளிவாசலோடு சேர்த்து ஒரு மருத்துவமனையைக் கட்டினார். அங்கு நீரூற்றின் ஓசையும் மலர்களின் நறுமணமும் இசையும் நோயாளிகளைத் தேற்றப் பயன்பட்டதை 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி பதிவு செய்துள்ளார்.

இம்மரபின் கிளைதான் நம் ஊர்களில் ஹகீம்கள் வழங்கிவரும் யூனானி மருத்துவம். உடல்நலத்துக்கு இன்றியமையாதவை என்று அது ஆறினைக் கூறும்: காற்று, உணவும் நீரும், உடலின் இயக்கமும் ஓய்வும், உள்ளத்தின் இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகளின் வெளியேற்றமும் தேக்கமும். உள்ளத்தின் ஓய்வு, உண்ணும் சோற்றோடும் குடிக்கும் நீரோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

இதற்கெல்லாம் வேர் நபிவழியிலேயே இருக்கிறது. நின்ற நிலையில் சினம் வந்தால் அமரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உடலின் நிலையை மாற்றி உள்ளத்தை ஆற்றும் வழி அது. துயருற்ற வீட்டாருக்குத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி இதமளிக்கும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். மவுத் நடந்த வீட்டுக்கு உணவு கொண்டுசெல்லும் நம் பழக்கத்திலும் இதே பரிவு உண்டு.

அல்பல்கீயின் நூல் நெடுங்காலம் இஸ்தான்புல் நூலகத்தின் கையெழுத்துப் பிரதியாகவே உறங்கிக் கிடந்தது. 1984இல் பேராசிரியர் ஃபுவாத் ஸெஸ்கின் அதன் நிழற்படப் பதிப்பை ஜெர்மனியில் வெளியிட்டார். உள்ளம் பற்றிய பகுதியை சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 2013இல் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியதை நாம் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

ஆகவே, நம் வீட்டில் ஒருவர் வாடியிருந்தால் அவருக்காகத் துஆச் செய்வோம். அருகில் அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்போம். தயங்காமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வல்ல நாயன் நம் உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.