வெல்லும் நிலையும் வெல்லும் வழியும்: சதுரங்க நிரல்களில் முன்னேற்றத்தின் அளவுகோல்

ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை மடக்க, எதிராளி எவ்வளவு நன்றாகத் தற்காத்தாலும் 16 நகர்த்தல்கள் போதும். காய்களின் மதிப்பை மட்டும் கூட்டிப் பார்க்கும் நிரலுக்கோ இந்த ஆட்டம் முடிவதே இல்லை. யானை எந்தக் கட்டத்தில் நின்றாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். செக்மேட் தேடல் ஆழத்துக்கு எட்டாதவரை எல்லா நகர்த்தல்களும் அதற்குச் சமம். யானை அங்குமிங்கும் அலைகிறது. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் இருதரப்பும் 50 நகர்த்தல்களை ஆடிவிட்டால் டிரா கோரலாம் என்பது விதி; இப்படி அலைந்தால் வெற்றி டிராவாகிவிடும். வெல்லும் நிலையை அறிவதும் வெற்றியை நெருங்குவதை அறிவதும் வெவ்வேறு அறிவுகள் என்பதே என் வாதம்.

பழைய நிரலாளர்கள் இரண்டாவது அறிவைக் கையாலேயே ஊட்டினார்கள். எதிராளியின் ராஜா ஓரத்துக்கு ஒதுங்கினால் கூடுதல் புள்ளி. இரு ராஜாக்களும் நெருங்கினால் கூடுதல் புள்ளி. செக்மேட் தள்ளிப்போகும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு சிறு கழிவு.

2017-ல் ஆல்பாஸீரோ என்ற நிரல் இதையெல்லாம் விட்டொழித்து, ஆட்டத்தின் முடிவை மட்டுமே பார்த்துப் பயின்றது. அதன் வழியில் 2018-ல் வந்த லீலா செஸ் ஸீரோ, வென்றுவிட்ட இறுதிக்கட்டங்களை வெகுநேரம் இழுத்தடித்தது. காரணம் அளவுகோலில் இருக்கிறது. ஒரு நகர்த்தலுக்கு 99.6 விழுக்காடு வெற்றிவாய்ப்பு, இன்னொன்றுக்கு 99.7 என்று வைத்துக்கொள்வோம். இந்த வேறுபாடு மதிப்பீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான் என்றாகிவிடுகிறது. 2020-ல் எஞ்சிய நகர்த்தல்களைக் கணிக்கும் தனிப்பகுதி ஒன்றை லீலாவின் வலைப்பின்னலில் சேர்த்தார்கள்.

எப்போது வென்றாலும் வெற்றி வெற்றிதானே என்று கேட்கலாம். ஆனால் இரு பிஷப்புகள் தனிக் குதிரையை வெல்ல 66 நகர்த்தல்கள்வரை தேவைப்படலாம் என்று 1983-ல் கென் தாம்ப்ஸன் கணினிவழி காட்டினார். 50 நகர்த்தல் விதி அங்கே வெற்றியை டிராவாக மாற்றிவிடும். ஆகவே வேகமும் முடிவின் ஒரு பகுதியே. இதைக் கணக்கில் கொள்ளும் ஸ்டாக்ஃபிஷ் நிரல், வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் கடந்த நகர்த்தல்களின் எண்ணிக்கை ஏற ஏறத் தன் மதிப்பீட்டைச் சுருக்குகிறது. எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் சிப்பாய் நகர்வுக்கு அப்போது தனிக் கவர்ச்சி வந்துவிடுகிறது.

ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்வதும் தவறு. ரொனால்ட் டி மான் 2013-ல் வெளியிட்ட சிஸிஜி என்ற இறுதிக்கட்டத் தரவுத்தளம், அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ உள்ள தூரத்தையே சேமிக்கிறது. செக்மேட்டுக்கான தூரம் அதில் இல்லை. அதை அப்படியே பின்பற்றும் நிரல், நேரடியாக செக்மேட் செய்ய வழியிருந்தும் எண்ணிக்கையை விரைவில் பூஜ்யமாக்கக் காயை வீணே பலிகொடுக்கக்கூடும். வெற்றி கைநழுவாது என்றாலும், அந்த ஆட்டத்திலிருந்து சதுரங்கம் பயிலும் மாணவர் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

நிரல்களின் வலிமையை வெற்றி, டிரா, தோல்விப் புள்ளிகளால் மட்டும் ஒப்பிடும் வழக்கம் இந்தக் குறைகளை மறைத்துவிடுகிறது. வென்ற நிலையிலிருந்து ஆட்டத்தை எத்தனை நகர்த்தல்களில் முடித்தது, 50 நகர்த்தல் விதியால் எத்தனை வெற்றிகளை இழந்தது என்பவற்றையும் ஆய்வாளர்கள் தனியே பதிவுசெய்ய வேண்டும்.